நான் பற்றவைத்த கைப்பிடி

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், "விடுமுறையில் என்னென்ன கற்றீர்கள்?" என்று தமிழ்ப் பாடம் நடத்தும் சகோதரி வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருத்தி தட்டச்சு என்றாள். ஒருத்தி தையல் என்றாள். இன்னொருத்தி கோவில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கக் கற்றதாகச் சொன்னாள். என் முறை வந்தது. "மிக் வெல்டிங் கற்றேன், சிஸ்டர்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. "அது என்ன என்று எங்களுக்கும் தெரியட்டும். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்றார். அவ்வாறு பிறந்ததே இக்கட்டுரை. வெல்டிங்கைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் நான் செய்த ஒரு தவற்றையும் எழுதினால்தான் கட்டுரை முழுமையாகும் என்று பிறகு தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் திருச்சிக்கும் வெல்டிங்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. அந்நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு இங்கேதான் தொடங்கப்பட்டது. என் தாத்தா அத்தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின்னும் அவர் கை சும்மா இருக்கவில்லை. வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சிறிய மிக் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். அண்டை வீட்டாரின் உடைந்த நாற்காலி, சைக்கிள் கேரியர், பூந்தொட்டித் தாங்கி எல்லாம் அங்கே வரும். காசு வாங்கமாட்டார். அது அவருக்குப் பொழுதுபோக்கு.

நான் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது முதலில் மறுத்தவர் என் அப்பாயிதான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த நெருப்பு வேலை?" என்றார். "நீ அம்பது வருசமா அடுப்படியிலே பாக்கிறதும் நெருப்பு வேலைதானே?" என்று தாத்தா கேட்டார். அப்பாயி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெல்டிங் என்றால் ஒட்டுவது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். முதல் நாளே தாத்தா அதைத் திருத்தினார். ஓட்டைப் பாத்திரத்தை ஈயம் வைத்து அடைக்கும்போது ஈயம் மட்டும்தான் உருகுகிறது, பாத்திரம் உருகுவதில்லை. வெல்டிங்கில் அப்படியல்ல. இணையவேண்டிய இரண்டு இரும்புகளின் விளிம்புகளும் உருகவேண்டும். இடையில் சேர்க்கும் உலோகமும் உருகி அவற்றோடு கலக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து உறைந்தால் அங்கே இரண்டு இரும்பு இல்லை, ஒரே இரும்புதான். இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தருவது மின்வில். கம்பி முனைக்கும் இரும்புக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் கண்ணைப் பறிக்கும் ஒளிதான் அது.

தெருவோரப் பட்டறைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ராடு வெல்டிங். மேலே மருந்து பூசிய குச்சியை ஹோல்டரில் செருகிப் பற்றவைப்பார்கள். குச்சி தீரத் தீர மாற்றவேண்டும். மிக் வெல்டிங்கில் குச்சிக்குப் பதிலாகச் சுருளில் சுற்றிய மெல்லிய கம்பி இருக்கிறது. டார்ச் என்னும் கைப்பிடியின் விசையை அழுத்தினால், கம்பி தானாகவே முனை வழியே வந்துகொண்டிருக்கும். கூடவே சிலிண்டரிலிருந்து ஒரு வாயுவும் வந்து, உருகிய இரும்பைக் குடைபோல மூடிக்கொள்ளும். கொதிக்கும் இரும்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் தொட்டால் வெல்டு கெட்டுவிடும். அவற்றை விலக்கி வைப்பதே இந்த வாயுவின் வேலை.

'மிக்' என்பது 'மெட்டல் இனர்ட் கேஸ்' என்பதன் சுருக்கம். இனர்ட் கேஸ் என்றால் நாம் வேதியியலில் படிக்கும் மந்த வாயு. 1948-இல் அமெரிக்காவில் பேட்டல் நினைவு ஆராய்ச்சி நிலையத்தில் இம்முறை உருவானது. ஆர்கான் போன்ற மந்த வாயுக்களின் விலை அதிகம். 1953-க்குப் பிறகு, இரும்புக்கு விலை குறைந்த கரியமில வாயுவைப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். இம்முறை எங்கும் பரவியது. கரியமில வாயு மந்த வாயு அன்று. ஆகவே அதைக் கொண்டு செய்வதை 'மாக்' வெல்டிங் என்பதே சரி. ஆனால் எல்லாரும் மிக் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கரியமில வாயு ஆழமாக உருக்கும். ஆனால் பொறி அதிகம் தெறிக்கும். அதனுடன் ஆர்கானைக் கலந்தால் வெல்டு வழவழப்பாக வரும். அலுமினியத்துக்கு மட்டும் தனி ஆர்கான் வேண்டும்.

முதல் மூன்று நாட்கள் தாத்தா என்னை டார்ச்சைத் தொடவே விடவில்லை. பாதுகாப்பு பற்றித்தான் பாடம். முதற்பாடம் உடை. துப்பட்டா கூடாது. நைலான், பாலியெஸ்டர் துணிகள் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தடித்த பருத்திச் சட்டை, முழுக்கை, தோல் கையுறை, மூடிய காலணி. பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள் விடவேண்டும்.

இரண்டாம் பாடம் கண். மின்வில்லிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுடும். அது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தாத்தா இளைஞராக ஒரு சிறு பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, கண்ணாடி இல்லாமல் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தாராம். அன்று நள்ளிரவில் இரண்டு கண்ணிலும் மணலை வாரிக் கொட்டியது போல் எரிச்சல். விடிய விடிய அழுதாராம். அதனால் 10 அல்லது 11-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி உள்ள முகமூடி இல்லாமல் கொட்டகைக்குள் யாரும் நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்க வரும் என் தம்பிக்கும் இதே சட்டம்தான்.

மூன்றாம் பாடம் புகையும் தீயும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே பற்றவைத்தால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டே தொடங்கவேண்டும். கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும். பெட்ரோல் இருந்த டப்பா, மூடிய பீப்பாய் ஆகியவற்றை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது; அவை வெடிக்கும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டவேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கவேண்டும். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, எங்கேனும் பொறி கனன்றுகொண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். "அவசரக்காரன் வெல்டர் ஆகமுடியாது" என்பார் தாத்தா.

நான்காம் நாள் இயந்திரத்தைத் திறந்து காட்டினார். எங்கள் வீட்டில் உள்ளது 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. அதற்குப் பெரிய பிளக்கும் நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். கம்பியின் தடிமன் 0.8 மி.மீ.; துருப்பிடிக்காமலிருக்க மேலே செம்பு பூசியிருக்கும். டார்ச் நேர்மின் முனையோடும், வேலைப் பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்ப் எதிர்மின் முனையோடும் இணையவேண்டும். வாயு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வந்தால் போதும். இயந்திரத்தில் திருகவேண்டியவை இரண்டே. ஒன்று வோல்ட், மற்றொன்று கம்பி வரும் வேகம். கம்பி வேகமாக வந்தால் ஆம்பியர் கூடும். ஒரு மி.மீ. தடிமனுக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று வைத்துத் தொடங்கி, பிறகு கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

சரியாக அமைந்துவிட்டதா என்பதைக் காதாலேயே அறியலாம். சட்டியில் அப்பளம் பொரிவது போல் இடைவிடாத சடசட ஓசை வந்தால் சரி. பட்... பட்... என்று கம்பி இரும்பை முட்டித் தள்ளினால் வேகம் அதிகம். கம்பி எரிந்து செம்பு முனையிலேயே போய் ஒட்டிக்கொண்டால் வேகம் குறைவு. சில வேளை கம்பி உள்ளேயே சுருண்டு குருவிக்கூடு போல் சிக்கிக்கொள்ளும். முதல் வாரம் நான் கட்டிய குருவிக்கூடுகளுக்குக் கணக்கில்லை!

கை நேராக வர இரண்டு வாரம் ஆயிற்று. இரும்பின் துருவையும் எண்ணெயையும் பெயிண்டையும் கிரைண்டரால் தேய்த்து வெள்ளி போலாக்கவேண்டும். செம்பு முனைக்கு வெளியே கம்பி 10 மி.மீ. அளவு நீண்டிருக்கவேண்டும். டார்ச்சை 10 முதல் 15 டிகிரி சாய்த்து, மெல்லத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். ஒளியைப் பார்க்கக்கூடாது, அதன் கீழே உருகி நிற்கும் சிறு குளத்தைப் பார்க்கவேண்டும். அதன் விளிம்பு இரண்டு பக்கத்து இரும்பையும் நனைத்துக்கொண்டு நகர்கிறதா என்பதே கேள்வி. பழைய தகடுகளில் நூறு வரிகள் போட்டபின் என் வெல்டு அடுக்கி வைத்த நாணயங்களைப் போல் அழகாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கைப்பிடி வேலை வந்தது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்பாயி பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுமுதல் அந்த மூன்று படிகளில் இறங்க யாராவது கை கொடுக்கவேண்டும். படியோரம் இரும்புக் கைப்பிடி வைத்துவிட்டால் கவலை தீரும் என்று அப்பா சொன்னார். "பாப்பாவே செய்யட்டும்" என்றார் தாத்தா.

40 மி.மீ. சதுரக் குழாயில் இரண்டு கால்கள். குழாயின் தடிமன் 2 மி.மீ. ஒவ்வொரு காலின் அடியிலும் 6 மி.மீ. தடிமனுள்ள தகடு. மேலே பிடித்துக்கொள்ள ஓர் உருண்டைக் குழாய். மேல் இணைப்புகளையும் முதற் காலையும் தாத்தா பக்கத்தில் இருக்கும்போதே முடித்தேன். இரண்டாம் காலைச் செய்யும்போது அவர் மதிய உணவுக்குப் பின் கண்ணயர்ந்திருந்தார். அக்கினி நட்சத்திர வெயில். தகரக் கொட்டகை அடுப்பாக இருந்தது. முழுக்கைச் சட்டைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. பொறுக்கமுடியாமல் நின்ற மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பற்றவைத்தேன். தாத்தா மேல் குழாய்க்கு வைத்திருந்த அளவையும் மாற்றவில்லை.

முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், வெல்டு முழுவதும் ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல் துளைத் துளையாக இருந்தது. விசிறிக் காற்று வாயுக் குடையைக் கலைத்துவிட்டது. கிரைண்டரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளேயும் துளைகள். தாத்தாவிடம் சொன்னால், "விசிறி போட்டாயா?" என்று முதற் கேள்வியே கேட்பார். அதற்கு அஞ்சினேன். அலமாரியில் மெட்டல் பட்டி இருந்தது. எடுத்துப் பூசினேன், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன், மேலே ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன். துளை இருந்த அடையாளமே இல்லை.

மாலையில் தாத்தா வந்து பார்த்தார். "அதுக்குள்ளே பெயிண்ட் அடிச்சிட்டியா? சரிம்மா, காலையிலே படியிலே பொருத்திடலாம்" என்றார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. என்னை நம்பினார்.

அன்றிரவு வழக்கம்போல் குடும்பச் செபமாலை. முடிவில் ஒவ்வொருவரும் ஒரு கருத்துக்காக வேண்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாயி, "என் பேத்தி எனக்காகச் செஞ்ச கைப்பிடிக்காக நன்றி ஆண்டவரே" என்றார். எனக்கு என் வேண்டுதலைச் சொல்ல வாய் வரவில்லை. படுத்தபின்னும் தூக்கம் வரவில்லை. அப்பாயி தன் எடை முழுவதையும் கைப்பிடியில் சாய்த்து இறங்குவதும், கால் பிடுங்கிக்கொண்டு சாய்வதும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. மறைக்கல்வி வகுப்பில் கேட்ட வெள்ளையடித்த கல்லறை உவமைக்கு அன்றுதான் எனக்குப் பொருள் விளங்கியது. நான் ரெட் ஆக்சைடு அடித்திருந்தேன், அவ்வளவே வேறுபாடு.

காலையில் தாத்தா படியில் துளை போடத் தயாராகிக்கொண்டிருந்தார். அருகில் போய், "தாத்தா, பொருத்தாதீங்க" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் டிரில்லைக் கீழே வைத்தார். அந்தக் காலை வைஸில் இறுக்கினார். சுத்தியலை என் கையில் கொடுத்து, "நீயே தட்டிப் பாரு" என்றார். மூன்றாம் அடியிலேயே ஒரு பக்கம் பட்டென்று பிரிந்தது. துளைகளால்தான் பிரிந்தது என்று நினைத்தேன். தாத்தா தகட்டைத் திருப்பிக் காட்டினார். வெல்டு இருந்த இடத்தில் தகட்டின் விளிம்பு அறுத்தெடுத்தபோது இருந்தபடியே கூர்மையாக இருந்தது. தகடு உருகவே இல்லை! 2 மி.மீ. குழாய்க்கு வைத்த 80 ஆம்பியர் 6 மி.மீ. தகட்டுக்குப் போதவில்லை. மேசைமேல் சிந்திய மெழுகு போல், வெல்டு தகட்டின்மேல் சும்மா படிந்து கிடந்திருக்கிறது.

"துளை விழுறது எல்லாருக்கும் வர்றதுதாம்மா. அதுலே தப்பில்லே. பட்டி பூசினதுதான் தப்பு" என்றார். பிறகு, "நீ சொன்னது துளையை. சொன்னதனாலேதான் இது தெரிஞ்சுது. மிக் வெல்டிங்லே பெரிய ஆபத்தே இதுதான். மேலே பாத்தா அழகா இருக்கும், உள்ளே பிடிச்சிருக்காது. எங்க தொழிற்சாலையிலே முக்கியமான இணைப்பை எக்ஸ்ரே எடுப்பாங்க. பத்தவெச்சவன் நம்பரும் அதுலே இருக்கும். வீட்டிலே எக்ஸ்ரே கிடையாது. நம்ம மனசாட்சிதான் எக்ஸ்ரே" என்றார்.

அன்று முழுவதும் சோதனைத் துண்டுகள்தான். விசிறியை நிறுத்தினோம். வெளியில் காற்றடிக்கும் இடத்தில் செய்வதானால், உள்ளே மருந்து நிரப்பிய வாயு வேண்டாத கம்பியைப் பயன்படுத்தலாம் என்றும், அதற்கு மின் முனைகளை மாற்றி இணைக்கவேண்டும் என்றும் தாத்தா சொல்லிக் கொடுத்தார். ஆம்பியரை 120 அளவுக்கு உயர்த்தினோம். மின்வில்லை மெல்லிய குழாயின் பக்கம் அதிகம் காட்டாமல், தடித்த தகட்டின் பக்கமே பெரும்பங்கு காட்டச் சொன்னார். முதல் துண்டு சுத்தியலுக்குப் பிரிந்தது. இரண்டாவதில் குழாயில் ஓட்டை விழுந்தது. மூன்றாவது துண்டை அடித்தபோது குழாய் மடங்கி நெளிந்ததே தவிர வெல்டு அசையவில்லை. "இதுதான் வெல்டு" என்றார் தாத்தா. பழைய வெல்டை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் பற்றவைத்தேன். முதற் காலையும் நானே கேட்டு வைஸில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். அது நின்றது. புதிய வெல்டுகள் பழையது போல் அழகாக இல்லை, சற்றுக் கோணல்தான். பெயிண்ட் அடிக்குமுன் அப்பாவை அழைத்துக் காட்டினேன்.

அப்பாயியிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உடையற வரைக்கும் அடிச்சியாமே? இப்ப எனக்குப் பயமில்லே" என்றார். ஆறு மாதமாக அக்கைப்பிடியைப் பிடித்தே தனியாக இறங்கிப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

தச்சரான புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டாடும்படி 1955-ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளில் ஒரு திருவிழாவை ஏற்படுத்தினார். சூசையப்பர் செய்த ஏர்களையும் கதவுகளையும் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவற்றில் எதையும் அவர் பூசி மறைத்திருக்கமாட்டார் என்று மட்டும் நான் உறுதியாக நம்புகிறேன். தோழியரே, தையலானாலும் தட்டச்சானாலும் வெல்டிங்கானாலும், நாம் செய்யும் பொருளின்மேல் ஒருநாள் யாரோ ஒருவர் நம்பிச் சாய்வார். அவர் சாயுமுன் நாமே ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுவோம்.